கனிக்குப் பதிலாக நின்ற குடம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு வெந்து போகட்டும். கற்பூரத்தைக் கொளுத்துங்கள், கையால் அடித்து அணைக்கிறேன். துண்டைப் போட்டுத் தாண்டச் சொல்லுங்கள், இந்த முட்டி வலியோடு தாண்டுகிறேன். பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணு என்றால் அத்தனை பேர் மேலும் பண்ணுகிறேன், அதிலும் நடு மகன் மேல் மனப்பூர்வமாகப் பண்ணுகிறேன். போன மாதம் நான் சொன்ன மற்றக் கதைகளை நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. எங்கள் கருதுகளத் தெருவில், என் சைக்கிள் கடைச் சுவரை ஒட்டி, பட்டப் பகலில், எல்லாரும் பார்க்க நடந்தது.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கருதுகளத் தெருவில் இப்போது அடிக்கக் கருதும் இல்லை, களமும் இல்லை. குழாய் உண்டு, குழாய்க்குள் காற்று உண்டு. தண்ணீர் லாரியில்தான் வரும். அந்த லாரி காலையில் வரும், அல்லது மத்தியானம் வரும், அல்லது நாளைக்கு வரும், லாரி ஓட்டுகிறவன் பேர் பூலோகம், அவனுக்கே அது தெரியாது. அதனால் தெருவில் யாரும் வரிசையில் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். பெண்கள் விடிந்ததும் வந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தை என் சுவரோரம் வைத்து, அடையாளத்துக்குக் குடத்தின் கழுத்தில் ஒரு கந்தலைக் கட்டி, 'பாத்துக்க, வந்திருதேன்' என்று குடத்திடமே சொல்லிவிட்டு வேலைக்குப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற கணக்கு. அதற்குச் சட்டம் உண்டு. வரிசையில் நிற்பதை யாரும் வெளியே எடுத்துப் போடக் கூடாது. காற்றடித்துச் சாய்ந்தால், அது பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக் குடமாக இருந்தாலும், கண்ணில் கண்டவர் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வெடித்துவிடும். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரேஷன் கடையில் இல்லாத ஒழுங்கு, கல்யாணப் பந்தியில் இல்லாத ஒழுங்கு, எங்கள் குட வரிசையில் இருந்தது.

அந்தத் தெருவில்தான் சண்முகக்கனி இருந்தாள், மாடத்தியின் மருமகள். புருஷன் வேல்சாமி ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் வடக்கே எங்கேயோ போய்க்கொண்டிருப்பவன், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்து முகம் காட்டிவிட்டுத் திரும்புவான். மாமியார் மாடத்திக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு படுக்கை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பக்கமும் சேர்த்து வாயே வேலை செய்தது. கனி அவளுக்குக் குழையக் குழையச் சோறு பிசைந்து ஊட்டி, புண் விழாமல் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, தலை வாரி, அதற்குள் தெருமுனையில் ஹாரன் அடிக்கிற மில் வேனைப் பிடித்து ஓடி, நூல் மில்லில் அறுந்து அறுந்து போகிற இழையை ஒட்டி ஒட்டி நடந்துகொண்டே இருந்து, தலை முழுக்கப் பஞ்சோடு திரும்பி வந்து, தலையைக்கூடத் தட்டாமல் அருள்ராஜ் சாரின் டுடோரியலுக்குப் போய், முன்பு கோட்டைவிட்ட பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பாஸானால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எழுதிப் போடலாம். பள்ளிக்கூடம் தெருவுக்கு அடுத்தாற்போல், மாமியாரை ஓடி வந்து பார்த்துக்கொள்ளலாம், நின்றுகொண்டே தூங்க வேண்டியதில்லை. வயது வரம்பு தாண்டப் போகிறது, இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு பாஸ்.

ஒரு நாள் காலையில் மூன்றும் சேர்ந்து வந்தன. மில் வேன் ஹாரன் அடிக்கிறது. மாடத்தி அப்போதுதான் மாற்றிய துணியை மறுபடியும் நனைத்துவிட்டுக் கத்துகிறாள். கனி கையில் வரிசைக்குக் கொண்டுபோக எடுத்த மஞ்சள் குடம். வேனையும் பார்த்தாள், கட்டிலையும் பார்த்தாள். பிறகு, யோசித்துச் செய்தாளோ யோசிக்காமல் செய்தாளோ, குடத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள், கழுத்தில் கந்தலைக் கட்டினாள், 'பாத்துக்க, வந்திருதேன்' என்றாள், வேனில் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மாடத்தி காய்ந்த துணியில் படுத்திருக்கிறாள். சாப்பிட்டிருக்கிறாள். தலை வாரிப் பின்னியிருக்கிறது, பின்னல் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

"இன்னைக்குத்தாமுட்டி நீ எதுத்துப் பேசாம வேல பாத்திருக்க" என்றாள் மாடத்தி.

கனி குடத்தைப் பார்த்தாள். குடம் வைத்த இடத்தில் இருந்தது. எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டுடோரியலுக்குப் போனாள். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

மறுநாள் இதைப் பக்கத்து வீட்டுத் தங்கப்புஷ்பத்திடம் சொன்னாள். தங்கப்புஷ்பம்தான் எங்கள் வரிசைக்கு வக்கீலும் ஜட்ஜும். அவள் ஆச்சரியப்பட்டாள் என்று நினைக்கிறீர்களா?

"அதாம்ட்டி நேத்து உன் குடம் வரிசையில இல்ல! அப்ப உன் இடம் போச்சுட்டி கனி. வீட்டுல நின்னதுக்கெல்லாம் இங்க கணக்கு வராது, சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது.

பிறகு கனிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், வீட்டில் இருந்த நீலக் குடத்தை மில் வேனில் ஏற்றி அனுப்பினாள். மேஸ்திரி கொண்டல்சாமி கண்டிப்பான ஆள். வேனிலிருந்து இறங்கிய குடத்தை மேலும் கீழும் பார்த்து, "தொப்பி எங்கெ? தொப்பி போடாம எவளும் உள்ள போகக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்று கத்தி, எங்கிருந்தோ ஒரு துணித் தொப்பியைத் தேடிக் கொண்டுவந்து குடத்தின் வாயில் மாட்டி, மெஷினுக்கு முன்னால் விட்டாராம். அன்றைக்கு அந்தப் பக்கத்து இழை ஒன்றுகூட அறுந்து நிற்கவில்லை. சாயங்காலம் வேன் வந்தபோது குடத்தின் மேல் பஞ்சு ஒட்டியிருந்தது, மற்றப் பெண்கள் மேல் ஒட்டியிருந்த அதே அளவு.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? குடம் ஆளுக்கு நிற்கிறது என்று தெரிந்ததும் தெருவில் நிற்க வேண்டிய ஆட்கள் எல்லாரும் குடத்தை நிறுத்தினார்கள். தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸுக்குக் குடம் போனது, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்குக் குடம் போய் வாத்தியார் சொன்னதற்கெல்லாம் அசையாமல் இருந்து நல்ல பேர் வாங்கி வந்தது, கட்சிக் கூட்டத்தில் குடங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து கடைசிப் பேச்சாளர் முடிக்கிறவரை எழுந்திருக்காமல் இருந்ததைப் பார்த்து மாவட்டத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என் ரேகை ரேஷன் கடை மெஷினில் ஒரு நாளும் விழுந்ததில்லை, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் விழாது, குடத்தின் அடியை வைத்ததும் சட்டென்று விழுந்தது. துஷ்டி வீட்டுக்கும் குடம்தான். ஒப்பாரி முடிந்து வந்த குடத்தைக் கவிழ்த்தால் ஒரு கை தண்ணீர் கொட்டும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். எங்கள் தண்ணீரே உப்புத்தான், அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாக் குடமும் நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்தது ஒரு கோடையாவது லாரி வரிசையில் நின்ற குடமாக இருக்க வேண்டும். மேலத்தெருப் பையன் ஒருவன் கடையில் புதுக் குடம் வாங்கி, கழுத்தில் பட்டுத் துணி கட்டி, தனக்குப் பதிலாகப் பெண் பார்க்க அனுப்பினான். பெண் வீட்டுக்காரர்கள் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார்கள். சம்பந்தம் முறிந்தது.

தங்கப்புஷ்பம் ஒரு நாள் கனியிடம் கேட்டாள், "ஏட்டி, உம் புருஷனுக்கும் வீட்டுல ஒரு குடத்த வச்சுக்கிடலாமுல்லா? வெறிச்சோடிக் கெடக்கே."

"அதுக்கு எதுக்கு மதினி தனியா ஒரு குடம்? அவரு வீட்டுல இருக்கும்போதே அப்படித்தான இருப்பாரு."

தெரு சிரித்தது. கனியும் சிரித்தாள். சிரிப்பின் பாதியில் கொட்டாவி வந்துவிட்டது.

ஏனென்றால், பாருங்கள், இந்தக் கதையில் எல்லாரும் இளைப்பாறியிருக்க வேண்டும். யாரும் இளைப்பாறவில்லை. ஒரு ஆள் இரண்டு ஆளானதும் இரண்டு ஆள் வேலை வந்து சேர்ந்துகொண்டது. "உங் குடம்தான் இந்த மெஷின பாக்கே, நீ அந்த மெஷினுக்கு வா" என்று மேஸ்திரி சொன்னார். மஞ்சள் குடம் மாமியாரிடம், நீலக் குடம் ஒரு மெஷினில், கனி இன்னொரு மெஷினில், சின்னப் பச்சைக் குடம் தண்ணீர் வரிசையில். தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் இரண்டு பங்கு ஒட்டினார்கள், பூக் கட்டுகிறவர்கள் இரண்டு பங்கு கட்டினார்கள். முன்பு ஒரு உடம்பு அலுத்தது, இப்போது அந்த ஒரு உடம்பே இரண்டுக்கும் சேர்த்து அலுத்தது. குடத்துக்கு அலுப்பு ஏது, அது யாருடையதோ அவர்களிடம்தானே வந்து இறங்க வேண்டும்?

கனி டுடோரியல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கண்ணைத் திறந்து வைத்துத் தூங்கப் பழகினாள். அருள்ராஜ் சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிதர், அதட்ட மாட்டார்.

"ஏம்மா, பரீட்சைக்கும் குடத்த அனுப்பிரலாம்னு நெனப்பா?"

"அனுப்பினா பாஸாகுமா சார்?"

"நீ யோசிக்காமச் செய்யுத வேலையத்தான் அது செய்யுது. சோறு ஊட்டுதது, நூல் ஒட்டுதது எல்லாம் உன் கையே செய்யும், உனக்குப் புத்தி வேண்டாம். கணக்கு அப்படி இல்ல. சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? போன தடவ என் டெஸ்டுக்குக் குடத்த அனுப்பினவங்க பேப்பரப் பாத்தேன். நம்பர் அழகா எழுதியிருந்தது. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

ஆக, அதற்கு மட்டும் அவளேதான் போக வேண்டும்.

வீட்டில் இதற்குள் வேறொரு பிரச்சினை கிளம்பியிருந்தது. மாடத்திக்கு மஞ்சள் குடத்தைப் பிடிக்காமல் போய்விட்டது. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குப் புரட்டல், ஒரு குறை சொல்ல இடமில்லை, அதுதான் குறை. "அது ஒரு சனியன்" என்று கனி வந்ததும் ஆரம்பிப்பாள். "திட்டினாலும் நிக்கி, அழுதாலும் நிக்கி. நீன்னா சட்டியப் படார்னு வைப்ப, மொணங்குவ, எனக்கு நாலு வார்த்த பேச ஒரு பிடி கிடைக்கும். அதுகிட்டப் பேசிப் பேசி என் நாக்குக்கே ருசி போச்சு மூதி." கனி, "மொணங்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல அத்த" என்பாள். மாடத்தி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திரும்ப முடிந்த பக்கம் அது ஒன்றுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. மூன்று நாளாக லாரி வரவில்லை. நாக்கு வறண்டு கிடந்த நேரத்தில் பூலோகத்தின் ஹாரன் கேட்டது. தெருவே ஓடியது. பெண்கள், ஆண்கள், நான், எல்லாரும் ஓடி வந்து என் சுவரோரம் வரிசையாக நின்றோம். நின்ற பிறகுதான் பார்த்தோம், ஒருவர் கையிலும் குடம் இல்லை. இருந்த ஒன்றிரண்டு சின்னக் குடங்களும் அன்றைக்கு எங்கேயோ வளைகாப்புக்குப் போயிருந்தன.

பூலோகம் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையின் தலையிலிருந்து வால் வரை பார்த்தான். "கொடம் எங்கக்கா?"

"வேலைக்குப் போயிருக்கு" என்றாள் தங்கப்புஷ்பம்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வரிசையில் ஆட்களாகவே நாங்கள் நின்று எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தோம். நரைத்திருந்தது, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது, 'ஏ, உனக்கு எப்ப இப்படி ஆச்சு' என்று கேட்கப் போய், அதே கேள்வி எதிர்முகத்திலும் இருக்கக் கண்டு கேட்காமல் விட்டோம். பூலோகம் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டான். கையை ஏந்திக் குடித்தோம், முகம் கழுவினோம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கு ஓடிச் சட்டி பானையை எடுத்து வருவதற்குள், அடுத்த தெருவில் பாத்திரம் இருக்கிறது என்று அவன் போய்விட்டான். அன்றைக்கு எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை.

மறுநாளே தெரு கூடி முடிவு பண்ணியது. இனிமேல் வீட்டுக்கு ஒரு குடம்தான் ஆளுக்குப் பதில் வெளியே போகலாம், மற்றதெல்லாம் தண்ணீருக்கு. அந்த ஒன்றும் திரும்பி வந்ததும் வரிசைக்கு வர வேண்டும். வீட்டுக்குள்ளே நிற்பதும் நிற்பதுதான், அதுவும் அந்த ஒன்றில் சேரும். தங்கப்புஷ்பம் சொன்னாள், எல்லாரும் தலையை ஆட்டினார்கள், கனியும் ஆட்டினாள்.

கனியின் பரீட்சை அடுத்த வாரம் வந்தது.

மில்லில் வெளிநாட்டு ஆர்டர் நேரம். "அன்னைக்கு வராதவ அப்புறம் எப்பவுமே வர வேண்டாம்" என்று மேஸ்திரி எல்லார் முகத்துக்கும் நேராகச் சொல்லியிருந்தார். ஆகவே வெளியே போகலாம் என்கிற அந்த ஒரு குடம் மில்லுக்கு. பரீட்சைக்குக் கனி. மாமியாருக்கு யாரும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மாடத்தி நனைந்த துணியில், புரட்ட ஆளில்லாமல், வாய்க்குத் தண்ணீரில்லாமல் கிடக்க வேண்டும். தெருவில் கேட்கலாம் என்றால், மாடத்தி சண்டை போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அவள் விழுந்த நாளிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. தங்கப்புஷ்பத்துக்கும் அவளுக்கும் பேச்சே இல்லை. எப்போதோ ஒரு கோடையில் யார் குடம் முன்னால் என்று ஆரம்பித்தது, அந்தக் குடங்கள் இரண்டும் நைந்து பழைய பிளாஸ்டிக்காரனிடம் போய்ப் பேரீச்சம்பழமாக மாறிய பிறகும் சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

பரீட்சை அன்று காலையில் கனி நீலக் குடத்துக்குத் தொப்பி மாட்டி வேனில் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். ஹால் டிக்கெட் மடியில் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து மாடத்தி, "போகலியா?" என்றாள்.

"போகல."

"ஏன்?"

"போகலத்த. விடு. படிச்சதும் மறந்து போச்சு. அடுத்த தடவ பாப்போம்."

"அடுத்த தடவ உனக்கு வயசு இருக்கா?"

கனி ஹால் டிக்கெட்டை நாலாக மடித்தாள்.

"ஏட்டி, உன்னத்தான். அந்த மஞ்சக் கொடம் இன்னைக்கு எங்க?"

"அது வரிசைக்குப் போவணும். தண்ணிக்கு."

"அது இங்கயே கவுந்து கெடக்கட்டும். அது இடத்துல என்னக் கொண்டு வை."

கனி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்க? வரிசையில வச்சத ஒருத்தியும் வெளிய எடுத்துப் போட முடியாதுல்லா? சாஞ்சா நிமுத்தணும்லா? வெயிலு வந்தா நகத்தணும்லா? எனக்கு வேற என்ன வேணும்? இந்தக் கட்டுல்ல கெடந்து நான் பெருசா என்ன கிழிக்கேன், கொடம் மாரித்தான இருக்கேன். தூக்குட்டி."

இதைத்தான் நான் என் கடையில் ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்தேன். கனி மாமியாரைத் தோளில் சாத்தி, அரைவாசி தூக்கியும் அரைவாசி இழுத்தும் தெருவைக் கடந்து வருகிறாள். என்னிடம் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். சிவப்புக் குடத்துக்கும் வெள்ளைக் குடத்துக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, மாடத்தியை உட்கார வைத்து, வழுக்கிவிடாமல் இடுப்போடு ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

வெள்ளைக் குடம் தங்கப்புஷ்பத்துடையது. வந்துவிட்டாள். மாடத்தியைப் பார்க்காமல், மாடத்திக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினாள். "இது என்ன புதுசா இருக்கு? ஆள எல்லாம் வரிசையில வைக்கக் கூடாது. கொடம்னா வைக்கலாம்."

"எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள் மாடத்தி, சுவரின் சார்பில்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வந்தாள் தங்கப்புஷ்பம்.

நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தேன். "ஆளுக்குப் பதிலாக் கொடம் நிக்கலாம்னு இத்தன நாளும் ஒத்துக்கிட்டாச்சு. இப்ப கொடத்துக்குப் பதிலா ஒரு ஆளு நின்னா அதுல என்ன குத்தம் கண்டீக? வச்சது வச்சதுதான்."

தங்கப்புஷ்பம் எல்லாக் குடங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் உண்டாக்கிய சட்டம். அதை அவளே மீறினால் நாளைக்கு வரிசை ஏது? "தண்ணி புடிக்கும்போது ஒரு கொடம் அளவுதான், சொல்லிட்டேன்" என்றாள்.

கனி ஓடினாள்.

முதல் ஒரு மணி நேரம் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பிறகு மாடத்தி இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தாள். இழுத்துக்கொண்ட பக்கம், தானாக நிமிர முடியாது. தங்கப்புஷ்பம் வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போனாள், மறுபடியும் வந்தாள். வரிசையில் சாய்ந்ததைக் கண்ணில் கண்டவர் நிமிர்த்த வேண்டும். வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அக்குளில் கையைக் கொடுத்து நிமிர்த்தினாள்.

"மெதுவா, நான் என்ன உங்க அப்பன் வீட்டு அம்மியா?" என்றாள் மாடத்தி.

"பேசாம இரியும். கொடம் பேசாது."

"பேசுத கொடம் நானு."

அதோடு தொடங்கிவிட்டார்கள். எத்தனையோ வருஷத்துப் பாக்கி, ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தார்கள். வெயில் ஏறியது, நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு நிழலுக்கு நகர்த்தினார்கள். குடத்தில் தூசி விழாமல் துணி போட்டு மூடுவது வழக்கம், யாரோ தலைக்கு ஒரு முந்தானையைப் போட்டார்கள். உட்கார்ந்தே இருந்தால் புண் விழும் என்று ஒருத்தி இந்தப் பக்கம் சரித்து வைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி அந்தப் பக்கம் சரித்து வைத்தாள், துணி நனைந்தபோது சேலையைச் சுற்றி மறைப்புப் பிடித்துத் துணி மாற்றினார்கள், கூழ் வந்தது, கூழுக்கு மோர் மிளகாய் வந்தது. எல்லாவற்றுக்கும் மாடத்தி குறை சொன்னாள். ஒவ்வொருத்தியும் பதில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு செழிப்பை நான் பார்த்ததே இல்லை.

பரீட்சை ஹாலில் நடந்ததைக் கனி பிற்பாடு சொன்னாள். பாதிப் பெஞ்சுகளில் வெளியூர்க் குடங்கள் உட்கார்ந்திருந்தன. ஆளாக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு குழாய் ஒரு தொட்டியை இத்தனை மணி நேரத்தில் நிரப்பும் என்று ஒரு கணக்கு வந்ததாம். குழாயில் தண்ணீர் வருகிறது என்று இந்தக் கேள்வியை எழுதினவனுக்கு யார் சொன்னது என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தூக்கம் கலைந்தது. கலைந்த அந்த நேரத்தில் அந்தக் கணக்கையும் அதற்கு அடுத்ததையும் போட்டுவிட்டாளாம். மிச்சத்தைத் தெரிந்தவரை எழுதினாளாம்.

ரிசல்ட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள். பாஸ். தொட்டும் தொடாமலும் பாஸ். வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள், இன்னும் ஆர்டர் வரவில்லை. வரும் என்கிறார்கள். அதுவரை மில்தான்.

அன்றைக்கு அவள் திரும்பி வந்தபோது பூலோகத்தின் லாரி வந்து நின்றிருந்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து, தள்ளித் தள்ளி, மாடத்தியின் நாற்காலி வரிசையின் தலைக்கு வந்துவிட்டது. பூலோகம் குழாயைப் பிடித்துக்கொண்டு இதை எப்படி நிரப்புவது என்று விழிக்கிறான். மாடத்தி, "நேத்து ஏம்ல வரல?" என்று அவனை உலுக்குகிறாள். தங்கப்புஷ்பம் ஒரு சொம்பைக் குழாயில் பிடித்து, கழுத்தைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் ஊற்றுகிறாள். குடிக்கிற நேரத்துக்கு மட்டும் சத்தம் நிற்கிறது.

கனி இதையெல்லாம் பார்த்தாள். கிட்டே வரவில்லை. வரிசையின் நடுவில், முன்னால் இருந்த குடங்களை நகர்த்தியதில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில், என் சுவரில் முதுகைச் சாத்தி, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சை எழுதிய பேனா கையிலேயே இருந்தது. அப்படியே தூங்கிவிட்டாள்.

வரிசை நகர்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவள் குனிந்து பார்த்தாள். எழுப்பவில்லை. தூக்கம் கலையாமல், குடத்தை நகர்த்துவதுபோல், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து ஓரடி முன்னால் நகர்த்தி வைத்தாள். இன்னும் ஒரு குடம் நிரம்பியது, இன்னும் ஓரடி நகர்த்தினார்கள். தலை சாய்ந்தபோது ஒரு கை வந்து தாங்கி நிமிர்த்தியது. வரிசையின் தலையில், குழாய்க்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்த நாற்காலியில் கட்டப்பட்டிருந்த மாடத்தி, திரும்ப முடிந்த பக்கமாகத் திரும்பி, இவ்வளவு நேரமும் கத்திய அதே வாயால், ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மெதுவா நகத்துங்கட்டி. தூங்குதா."

நடந்தது இதுதான். ஆனால் இதைச் சொன்னது நான் என்று மட்டும் எங்கேயும் வாய் விட்டுவிடாதீர்கள். மாடத்தி இன்னும் இருக்கிறாள், காது நன்றாகக் கேட்கிறது. மருமகளுக்காக அவள் குரலைத் தாழ்த்தினாள் என்று நான் ஊரெல்லாம் பரப்புவது தெரிந்தால், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வரச் சொல்லி என் கடை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். யார் சொன்னது என்று யாராவது கேட்டால் லாரிக்காரன் பூலோகம் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். அவன் எப்படியும் இரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டான்.